குளத்தில் ஒரு சிவப்புத் திட்டு

ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அமாவாசையும் கூட. பொங்கலூரைத் தாண்டி, வாய்க்கால் தண்ணீர் வந்து நிறையும் ஒரு குளத்தில் இது நடந்தது. என் நோட்டில் அந்த நாளுக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீடு பல்லடத்தில். வேலை திருப்பூரில், ஒரு சாயப்பட்டறையின் லேபில். இருபத்திரண்டு வருடங்களாக நிறம் பார்ப்பதுதான் என் தொழில். வாங்குபவர் ஒரு துணித்துண்டை அனுப்பி இந்த நிறம் வேண்டும் என்பார். அதற்கு நெருக்கமாக ஏ, பி, சி என்று மூன்று துண்டுகளுக்குச் சாயம் ஏற்றி அனுப்புவோம். அனுப்பும் முன் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பகல் வெளிச்சம், கடை விளக்கு, மஞ்சள் விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். பகலில் பொருந்துகிற நிறம் கடை விளக்கில் விலகிப் போவது சகஜம். அதனால் ஒரே வெளிச்சத்தில் பார்த்து எதற்கும் ஓகே சொல்லக் கூடாது என்பது லேபில் முதல் பாடம்.

மீன்பிடிப்பு எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தால் சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்ட ஆரம்பித்துவிடுகிறேன் என்று என் மனைவிக்குக் குறை. எங்கேயாவது போய்விட்டு வாருங்கள் என்று அவள்தான் சொன்னாள். திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஊசி விற்கும் கடை ஒன்று எனக்குப் பழக்கம். அந்தக் கடைக்கார பாய்க்குத் தூண்டிலில் ஆசை. ஊசிப் பெட்டிகளுக்குப் பக்கத்து அலமாரியில் தூண்டில் முள், நூல், ரப்பர் தவளை எல்லாம் வைத்திருப்பார். அங்கே போய் நின்றேன்.

என்ன மீன் என்று கேட்டார். விரால் என்றேன். அவர் மூன்று தூண்டில் கோல்களை எடுத்து மேஜையில் வைத்தார். நான் கையோடு கொண்டுபோன டேப்பால் மூன்றையும் அளந்தேன். நீளமாக, நன்றாக வளையும் கோல் எனக்குப் பிடித்திருந்தது. அவர் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

"இது கட்லாவுக்கு சார். விரால் கடிச்ச அடுத்த நொடி கோரைக்குள்ள ஓடும். அப்போ கோல் நெஞ்ச நிமித்தி நிக்கணும். வளைஞ்சு கும்பிடு போட்டுச்சுன்னா மீன் டாட்டா காட்டிட்டுப் போயிரும்."

ஆறரை அடி நீளம், அடிப்பாகம் விறைப்பு, நுனி மட்டும் கொஞ்சம் இளக்கம். அதை எடுத்துக்கொண்டேன். நூலாக எட்டு இழை பின்னியது. லூராக உள்ளே வெற்றாக இருக்கும் ரப்பர் தவளை. லூர் என்றால் உயிரில்லாத பொய் இரை. இந்தத் தவளையின் முள் இரண்டும் முதுகோடு ஒட்டி இருக்கும். செடிமேல் இழுத்தாலும் சிக்காது. மீன் வாயால் அமுக்கினால்தான் முள் வெளியே வரும். வாசனைக்கு நண்டு, பூண்டு, சோம்பு என்று மூன்று சிறு புட்டிகள் இருந்தன. எது நல்லது என்றேன். பூண்டு என்றார். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன்.

"மீனு வந்து கையெழுத்தா போட்டுக் குடுக்கும் சார்?" என்றார்.

மூன்றையும் வாங்கினேன். ஆதாரத்தை நானே தயார் செய்வதாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

நூறு பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். தேதி, நேரம், வெயில், காற்று, தண்ணீரின் நிறம், கோல், லூர், லூரின் நிறம், வாசனை, எத்தனை வீச்சு, எத்தனை கடி என்று பதினொரு கட்டங்கள். லேபில் அசிட்டிக் ஆசிட் கையாளுவதால் விரல்களில் அந்த வாடை இருக்குமோ என்று சந்தேகம். குளத்துக்குக் கிளம்பும் முன் புளித்த மோரில் கை கழுவிக்கொள்வேன். கரையில் காலடிச் சத்தம் கேட்டால் விரால் விலகிவிடும் என்று வீடியோ ஒன்றில் பார்த்திருந்தேன். அதனால் தண்ணீர் ஓரத்துக்கே போகமாட்டேன். கரைமேல் ஓர் இடத்தில் நின்று பதினைந்து இருபது மீட்டர் தள்ளித்தான் வீசுவேன். எழுதும்போது கண்ணாடி போடுவேன், வீசும்போது கழற்றிவிடுவேன். இந்த ஒழுங்கையெல்லாம் நான் அப்போது என் பலமாக நினைத்தேன்.

பச்சைத் தவளை, கறுப்புத் தவளை, வெள்ளை, மஞ்சள் என்று இரண்டு மாதம் போயிற்று. கடி மிகக் குறைவு. அந்தச் சமயத்தில் லேபில் ஒரு பவளச் சிவப்பு நிறம் நிராகரிக்கப்பட்டு வந்தது. மூன்றில் பி என்று குறித்த துண்டு. ஆரஞ்சு அதிகமாகத் தெரிகிறது என்று வாங்குபவர் எழுதியிருந்தார். நீட்டினால் இழுபடுகிற ரிப் துணி அது. அதை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, தவளையின் ரப்பர் கால்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கட்டினேன். தண்ணீரில் இழுத்தால் கீற்றுகள் நெளிந்தன. ரப்பரைவிட நன்றாகவே நெளிந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளத்தில் ஒன்றைக் கவனித்தேன். கோரைக்குப் பக்கத்தில், தண்ணீர்மேல், இரண்டடி அகலத்துக்கு லேசான சிவப்புத் திட்டு ஒன்று தெரிந்தது. தண்ணீருக்குள் நிறம் கரைந்த மாதிரி. எங்கள் ஊர்க்காரனுக்கு, அதிலும் என் தொழிலில் இருப்பவனுக்கு, தண்ணீரில் சிவப்பைப் பார்த்தால் முதலில் ஒன்றுதான் தோன்றும். சாயம். ஆனால் இது வாய்க்கால் தண்ணீர். சுற்றி நான்கு கிலோமீட்டருக்குப் பட்டறை எதுவும் கிடையாது. யாராவது சாயத் துணியைக் கொண்டுவந்து அலசியிருப்பார்கள் என்று நினைத்தேன். கரையோரத்தில் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போய் மறுநாள் லேபில் சோதித்தேன். நிறம் இல்லை. 'கரையை எட்டும்போது கரைந்துவிடுகிறது' என்று நோட்டில் எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதிய கை இதே கைதான்.

அந்தத் திட்டின் ஓரத்தில் சிவப்புத் தவளையைப் போட்டேன். மூன்றாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. முக்கால் கிலோ விரால்.

அடுத்தடுத்த வாரங்களில் குளத்தின் வேறு வேறு மூலைகளில் அதே போன்ற திட்டுகள் தெரிந்தன. அங்கெல்லாம் போட்டேன், அங்கெல்லாம் கடித்தது. முதல் மீனையும் சேர்த்து ஐந்து ஞாயிறுகளில் நான்கு மீன். திட்டு இல்லாத இடத்தில் அதே தவளை, அதே பூண்டு வாசனை, ஒரு கடியும் இல்லை. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தண்ணீரின் நிறமும் லூரின் நிறமும் பொருந்தினால் விரால் கடிக்கும். சிவப்புத் தண்ணீருக்குச் சிவப்பு லூர். வாங்குபவர் வேண்டாம் என்ற நிறத்தை விரால் ஓகே செய்துவிட்டது என்று பாயிடம் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நான்கு டஜன் சிவப்புத் தவளை தருவித்தார்.

இப்போது அந்த அமாவாசை.

காலை ஆறே முக்காலுக்கு மதகுக்குப் பக்கத்துத் திட்டில் வீசினேன். அதே திட்டில்தான் முந்தின ஞாயிறும் ஒன்று பிடித்தேன். இரண்டாவது வீச்சிலேயே கடி. இழுத்துக் கரையேற்ற ஐந்து நிமிடம் ஆயிற்று. அளந்தேன், ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். நான் பிடித்ததில் அதுதான் பெரியது. மூடி போட்ட பெயிண்ட் வாளியில் தண்ணீரோடு வைத்து, கயிற்றால் ஸ்கூட்டரின் பின் சீட்டில் கட்டினேன். விரால் காற்றைக் குடித்துப் பிழைக்கும் மீன். கொஞ்சம் தண்ணீர் இருந்தால் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும்.

வீட்டு வாசலிலேயே மனைவி நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க, காலண்டரெல்லாம் நீங்கதான கிழிக்கறீங்க? இன்னைக்கு அமாவாசைங்க. இதத் தூக்கிட்டு உள்ள வராதீங்க."

அமாவாசையன்று எங்கள் வீட்டில் கவிச்சி சேர்க்க மாட்டோம். மறுநாள் சமைக்கலாம் என்று பின்பக்கத்து நீல டிரம்மில் மீனை விட்டேன். குளித்துச் சாப்பிட்டேன். நோட்டை எடுத்து உட்கார்ந்தபோதுதான் ஒரு குறை தெரிந்தது. ஐந்து கடியும் காலை வெளிச்சத்தில் வந்தவை. மாலை வெளிச்சத்தில் இந்தச் சிவப்பு எப்படி என்று பார்க்கவேயில்லை. ஒரே வெளிச்சத்தில் ஓகே சொல்வது தப்பு. நாலு மணிக்குக் கோலை எடுத்துக்கொண்டு மறுபடி குளத்துக்குப் போனேன்.

மதகுத் திட்டு அங்கேயே இருந்தது. ஆனால் காலையில் இருந்த அகலம் இல்லை. இரண்டாகப் பிரிந்து, ஓரமெல்லாம் சின்னச் சின்னதாகத் தண்ணீர் துள்ளியது. 'திட்டின் ஓரத்தில் குமிழ்கள்' என்று எழுதிவிட்டு வீசினேன். அதே கோல், அதே தவளை, அதே பூண்டு. இருபத்திரண்டு வீச்சு. ஒன்றும் இல்லை. மாலை வெளிச்சத்தில் சிவப்பு பொருந்தவில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

"ஏனுங்க, காத்தால ஒண்ணு புடிச்சீங்களே, அது பத்தலீங்களா?"

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா. கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். கோழிப்பண்ணையில் வேலை. ஞாயிறுகளில் மாட்டுக்குப் புல் அறுக்க வருவார். பல வாரங்களாகப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

மீனுக்காக வரவில்லை, ஒரு பரிசோதனைக்காக வந்தேன், காலையில் கடித்தது மாலையில் ஏன் கடிக்கவில்லை என்று பார்க்கிறேன் என்றேன்.

அவர் அரிவாளைப் புல்கட்டில் செருகிவிட்டு நிமிர்ந்தார். "அங்கதான் ஆளே இல்லீங்களே. யாரு வந்து கடிப்பா?"

எனக்குப் புரியவில்லை.

"போன வாரம் ஒண்ணக் கொண்டுட்டுப் போனீங்க. இன்னைக்கு இன்னொண்ண. ரெண்டுந்தானுங்களே காவலு? இனி அதுகளுக்கு யாரு இருக்கா?"

"எதுகளுக்குங்க?"

அவர் என்னையும் என் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "குஞ்சுகளுக்குங்க. நீங்க தெரிஞ்சேதான் அதுமேல போடறீங்கன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். நோட்டெல்லாம் எழுதறீங்களே."

மதகுப் படிக்கட்டு வழியாக அவர் முன்னால் இறங்கினார், நான் பின்னால் போனேன். அந்தக் குளத்தில் தண்ணீரைத் தொடுகிற தூரத்துக்கு நான் இறங்கியது அந்தப் பாட்டிலில் தண்ணீர் பிடித்ததையும் சேர்த்து அதுதான் இரண்டாவது முறை. கண்ணாடியை எடுத்துப் போட்டேன்.

சாயம் இல்லை. நகக்கண் நீளத்தில் விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பவளச் சிவப்பு. நான் குமிழ் என்று எழுதியது ஜிலேபி மீன்கள் அடியிலிருந்து வந்து அவற்றைக் கவ்வுகிற சத்தம். எதிர்க்கரையில் மூன்று கொக்குகள் நின்றிருந்தன.

கையில் தவளை இருந்தது. அதன் சிவப்புக் கீற்றைத் தண்ணீருக்கு அருகே பிடித்துப் பார்த்தேன். இது என் தொழில், நிச்சயமாகச் சொல்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எந்த விளக்கில் வைத்தாலும் நான் ஓகே போட்டிருப்பேன்.

விரால் பசிக்காகக் கடிக்கவில்லை. குஞ்சுகளுக்கு நடுவே வந்து விழுந்த ஒன்றை விரட்டுவதற்குக் கடித்தது. பூண்டாக இருந்தாலும் நண்டாக இருந்தாலும் கடித்திருக்கும். செருப்பைப் போட்டிருந்தால்கூடக் கடித்திருக்கும்.

"சாயம்னு நெனச்சனுங்க" என்றேன்.

"சரியாப் போச்சு. உங்களுக்கு எதப் பாத்தாலும் சாயந்தான்" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றது. "காத்தால புடிச்சது உசுரோட இருக்குதுங்களா?"

"டிரம்ல இருக்குதுங்க."

"அப்பறம் இங்க நின்னுட்டு என்ன பண்றீங்க? பொழுது எறங்கறதுக்குள்ள கொண்டாந்து உடுங்க. இன்னைக்கு ராத்திரி தாண்டுச்சுன்னா ஒண்ணுகூட மிஞ்சாதுங்க."

திரும்பக் கொண்டுவந்து விட்டால் அது குஞ்சுகளிடம் போகுமா என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு ஓர் உத்தரவாதம் தேவைப்பட்டது.

"அது எனக்கென்ன தெரியுமுங்க? கொண்டாரலைன்னா போகாது. அது தெரியும்."

மணி ஐந்து பத்து. இதை நோட்டில் எழுதவில்லை, போனில் பார்த்தது. கோலைக் கரையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன். பல்லடம் நால்ரோட்டில் தனியார் பஸ்கள் இரண்டு ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்றன. அந்த நெரிசலில் எட்டு நிமிடம் போயிற்று. வீட்டுக்குப் போய்ச் சேர ஐந்து நாற்பத்தைந்து.

டிரம்மைத் திறந்தேன். தண்ணீர் மட்டும் இருந்தது.

"அதுங்களா?" என்றாள் மனைவி. "மூடிய முட்டி முட்டிக் குதிச்சுட்டே கெடந்துச்சுங்க. அமாவாசையும் அதுவுமா என்னால அதக் கேட்டுட்டு இருக்க முடியல. பக்கத்து ஊட்டு அக்காளுக்குக் குடுத்துட்டேன். அவங்க ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்காங்க."

பக்கத்து வீட்டார் கிறிஸ்தவர்கள், அமாவாசை பார்ப்பதில்லை. வேலியைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். அந்த அம்மா துவைக்கிற கல்லருகே அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வழுக்காமல் பிடிக்க வேண்டும் என்பதற்காக மீன் உடம்பெல்லாம் சாம்பல் பூசியாகிவிட்டது. மீனின் வாய் திறந்து மூடியது.

இருபது வருடமாகப் பக்கத்து வீடு. ஒரு தீப்பெட்டி கடன் கொடுத்தால்கூடத் திருப்பிக் கேட்டதில்லை. அந்த மீனைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன்.

அவர் கையை எடுக்கவில்லை. "ஏனுங்கண்ணா, வேற யாருக்காச்சும் தர்றதாச் சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க. இதோட குஞ்சு அங்க இருக்குது. இது தாயோ தகப்பனோ தெரியல, ரெண்டையும் நானே புடிச்சுட்டேன். இப்பத்தான் தெரிஞ்சுது."

விருந்தாளிகளில் ஒரு பெரியவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மீனத் திருப்பிக் கேக்கறவங்களப் பாத்திருக்கேன்" என்றார் அந்த அம்மா. "இப்படி ஒரு காரணத்தச் சொல்லிக் கேட்டவங்களப் பாத்ததில்லீங்கண்ணா." எழுந்து, மீனின்மேல் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கழுவினார். உள்ளே திரும்பி, "புளி கரைச்சதுல முட்டைய ஒடச்சு ஊத்திக்கலாம்" என்று குரல் கொடுத்தார்.

"மீன் கொழம்புன்னு சொல்லித்தான் என்னக் கூப்ட்டீங்க" என்றார் படியில் நின்ற பெரியவர், யாரையும் பார்க்காமல்.

வாளியைக் கயிற்றால் கட்டுவதற்குள் மனைவி வந்து பின் சீட்டில் உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொண்டாள். கட்டிக்கொண்டிருந்தால் நேரமாகும், ஆட்டத்தில் தண்ணீரும் சிந்தும் என்றாள். மீன் பிடிக்கிற இடத்துக்கு அவள் ஒரு முறையும் வந்ததில்லை.

"அமாவாசையன்னைக்கு மீன் வாளியத் தொட வெச்சுட்டீங்க" என்று பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும், "ஊட்டுக்குக் கொண்டாரத்தான் கூடாது. கொண்டுபோய் உடறதுக்கு ஒண்ணும் சொல்லலைங்க" என்று தானே சமாதானம் ஆனாள். அதற்குப் பிறகு மெதுவாகப் போகச் சொல்லவும் இல்லை.

குளத்தை எட்டும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்த அக்கா போகவில்லை. மதகுப் படியில் நின்று, நீளமான கருவேலங் குச்சியால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். படியெல்லாம் கொக்குகள்மேல் எறியப் பொறுக்கி வைத்த மண்ணாங்கட்டி. எதிர்க்கரையில் கொக்குகளைக் காணவில்லை.

"கைய வலிக்குதுங்க" என்றார். "அங்க மாடு கத்திட்டுக் கெடக்கும். உடுங்க சீக்கிரம்."

வாளியைத் தண்ணீருக்குள் இறக்கிச் சாய்த்தேன். மீன் வெளியே வரவில்லை. வாயின் ஓரத்தில் முள் கிழித்த இடம் வெளுத்துப்போய்த் தெரிந்தது. சாம்பல் செவுளுக்குள் போயிருக்குமோ என்று நினைத்தேன். நாங்கள் மூன்று பேரும் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் மணி பார்க்கவில்லை. இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ இருக்கலாம். பிறகு அது வாளியிலிருந்து நழுவி, படிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. ஒரு முறை மேலே வந்து காற்று குடித்தது. அப்புறம் திரும்பி, குஞ்சுகள் இருந்த பக்கத்துக்கு நேர் எதிராக, கோரைக்குள் போய்விட்டது.

"அந்தப் பக்கம் போகுது" என்றாள் மனைவி.

இருட்டு ஏற ஏறச் சிவப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அந்த அக்காவிடம் என் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நோட்டில் இருந்து கிழித்த தாள். அதிலிருந்து நான் ஒரு தாளைக் கிழித்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு அவர் கூப்பிட்டார்.

"குஞ்சு கொஞ்சந்தான் இருக்குதுங்க. கால்வாசிகூட இருக்காது. பக்கத்துல சின்னக் கல்லு ஒண்ணப் போட்டுப் பாத்தேன். அடியில இருந்து ஒண்ணு வந்து தண்ணியப் பளார்னு அடிச்சுட்டுப் போச்சுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள், "அது நீங்க உட்ட மீனுதானான்னு மட்டும் கேக்காதீங்க. எனக்கு அளக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டார்.

உண்மையில் அதைத்தான் கேட்கவிருந்தேன்.

அன்று வேலை முடிந்ததும் பாய் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். என் நோட்டை நம்பிப் பதினைந்து சிவப்புத் தவளை விற்றுவிட்டேனே சார் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, யோசனையாகச் சொன்னார். மிச்சம் இருந்தவற்றை விற்பதை நிறுத்தவும் இல்லை. தவறு தவளையின் நிறத்தில் இல்லையே. ஆனால் தூண்டில் சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், தண்ணி மேல சிவப்பாத் தெரிஞ்சா அது குடும்பம், அங்க மட்டும் போடாதீங்க என்று சொல்லியனுப்ப ஆரம்பித்தார். சிலர் கேட்கிறார்கள், சிலர் அந்த இடத்துக்கே வழி கேட்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னார்.

அமாவாசை கழிந்து மூன்றாவது ஞாயிறு கோல் இல்லாமல் குளத்துக்குப் போனேன். மனைவியும் வந்தாள். மதகுப் படியில் இறங்கிப் பார்த்தால் சிவப்பைக் காணோம். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். புல்கட்டோடு வந்த அந்த அக்கா, கோரையின் நிழலில் லேசாகச் சிலிர்த்துக்கொண்டிருந்த ஓர் இடத்தைக் காட்டினார். விரல் நீளத்தில், மங்கிய பழுப்பு நிறத்தில் குஞ்சுகள். நாற்பதோ ஐம்பதோ இருக்கும். வளர வளர அந்தச் சிவப்பு மாறிவிடுமாம்.

"உங்க சாயம் வெளுத்துப் போச்சுங்க" என்றார் என்னைப் பார்த்து. என் மனைவி சிரிப்பை அடக்கவில்லை.

இப்போதும் மீன் பிடிக்கிறேன். திறந்த தண்ணீரில், திட்டு எதுவும் இல்லாத இடத்தில். கோல் அதேதான். நோட்டில் பன்னிரண்டாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: 'கிட்டப் போய்ப் பார்த்தேனா?' புதிய கட்டம் சேர்த்தால் பழைய வரிகளிலும் அதை நிரப்புவது என் வழக்கம். அதனால் பின்னால் திரும்பி, அமாவாசைக்கு முந்தின அந்த நான்கு மீன்களின் வரிகளுக்குப் போனேன். அவற்றில் முதல் மூன்றின் குஞ்சுகளுக்காகக் குச்சியோடு நின்று தண்ணீரை அடிக்க யாரும் இருக்கவில்லை. தேதி, நேரம், காற்று, நிறம், வாசனை என்று பதினொரு கட்டத்திலும் பிழையில்லாமல் எழுதியிருந்தேன். எதையும் அடித்துத் திருத்தவில்லை. பன்னிரண்டாவது கட்டத்தில் நான்கு முறையும் 'இல்லை' என்று எழுதினேன். லேபில் இன்றைக்கும் ஒரு துண்டில் ஓகே என்று எழுதப் போகும்போது அந்த நான்கு 'இல்லை'யும் நினைவுக்கு வருகின்றன. எழுந்து, மெஷின் வரை நடந்துபோய், துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போடுகிறேன்.